கலங்கல் கல்லின் உயரம்

திண்டிவனத்தில் மகன் வீடு கட்டும் மனையில் மட்டம் பார்க்கும் லெவல் மிஷினை நிறுத்த நேற்று மண்ணைக் கொத்தினார்கள். பாசி வாடை குப்பென்று எழுந்தது. இது எங்கள் ஏரி. இப்போது நாற்பது மனை, எண்ணிவிட்டேன்.

என் சின்ன வயதில், ஐப்பசியில் ஏரி நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் கலங்கல் கல்லைத் தாண்டி வழிந்தால், அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசி, கற்பூரம் கொளுத்தி, துள்ளும் கெளுத்தியைத் துண்டு விரித்துப் பிடிப்பார்கள். தண்ணீர் வழியும் அந்த இரைச்சல் கேட்கும்வரை கரை உடையாது என்று அப்பா நிம்மதியாகச் சாப்பிடுவார், நானோ அது நின்றுவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே இருப்பேன்.

கரையும் கல்லும் இன்னும் இருக்கின்றன.

"அந்தக் கல்லு மேலயும் அளவுகோலை வச்சுப் பாருப்பா" என்றேன்.

"பேஜாரு பண்ணாதீங்க பெரியவரே, ரோட்டுக்கு ரெண்டடி மேலதான் தரை வருது" என்றார் சர்வேயர்.

"ஏரி எங்க இருக்குதுப்பா? சும்மா இருங்க" என்றான் மகன்.

நான் நகரவில்லை. சலித்துக்கொண்டே வைத்தார். கல்லின் மேல் ஒன்று புள்ளி ஒன்று மீட்டர். தரை வரவேண்டிய குறியில் ஒன்று புள்ளி ஆறு. கோலில் எண் கூடினால் இடம் தாழ்வு. பெருமழையில் தண்ணீர் ஏறி அந்தக் கல்லைத் தாண்டி வழியும்போது எங்கள் கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்.

மகன் மறுபடி பார்க்கச் சொன்னான். அதே எண்.

"இன்னும் மூணடி ஏத்திடுங்க" என்றான், என்னைப் பார்க்காமல்.

எங்கள் தரை ஏறிவிடும். இன்று காலை மற்ற வீடுகளின் வாசற்படிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். முப்பத்தொன்பதும் அந்தக் கல்லைவிடத் தாழ்வு. எல்லா வாசலிலும் கோலம் போட்டிருந்தார்கள்.