சுவர் வழியாக ஒரு நாடகம்

எண்பதுகளின் கடைசியில், மத்திய லண்டனில் ஓர் இசை நாடக அரங்கில் இடைவேளைக்கு ஐஸ்கிரீம் விற்றேன். பார்வையாளர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டிவைக்கும் அறையில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை இருந்தார். ஒடிசலான ஆள்; ஹீட்டர் எரிந்தாலும் மஃப்ளரைக் கழற்றமாட்டார். நகரின் மேற்கு ஓரத்து ஹவுன்ஸ்லோவில் ஓர் அறையில் தனியே இருந்தார். அதற்கு மேல் நான் கேட்டதில்லை.

அரங்கில் வருடக்கணக்காக ஒரே நாடகம்தான்; வேலைக்கு வந்து இரண்டு வருடமாகியும் அவர் அதைப் பார்த்திருக்கவில்லை. உள்ளே போய்ப் பாருங்கோ என்றால், "கோட்டை ஆர் பாக்கிறது?" என்பார். சுவரைத் தாண்டி வசனம் வராது; பாட்டு மட்டும் வரும். அதை வைத்தே முழுக் கதையையும் சொல்லிவிடுவார்.

ஒரு புதன்கிழமைப் பகல் காட்சி முடிந்ததும் கேட்டார்.

"தங்கச்சி, முதலில ரெண்டுபேரும் சேர்ந்து பாடின பாட்டைக் கடைசியில அவள் தனியப் பாடுறாள். அவன் செத்துப்போனானோ?"

"சாகேல்லை அண்ணை. கோவிச்சுக்கொண்டு போனவன். திரும்பி வந்து வாசலில நிண்டு கேக்கிறான்."

கையிலிருந்த கோட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"உயிரோட நிண்டுமோ வாய் திறக்கேல்லை?"

"அப்பிடித்தான் கதை."

"விசர்க் கதை" என்றார் கோபமாக.

அடுத்த வாரம் அந்தப் பாட்டு வந்த நேரம், வெறும் தட்டோடு அவரைக் கடந்துபோனேன். கோட்டுகளுக்கு நடுவே எனக்கு முதுகு காட்டி நின்று, அவன் பாடாமல் விட்ட வரிகளை மிக மெல்லப் பாடிக்கொண்டிருந்தார். ஆங்கிலம் பாதி பிழை. ஆனால் அவள் நிறுத்துகிற இடமெல்லாம் அவர் குரல் சரியாக வந்து சேர்ந்தது. யாருக்குப் பதில் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.