பதினோரு முறை அடித்த போன்

1999ஆம் வருடம், மே மாதக் கடைசி. நாங்கள் நியூஜெர்சி ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்தோம். ஆபீஸ் வேலையாக இரண்டு மாதம் பார்சலோனா போயிருந்த என் கணவர், அங்கிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்தில் ஒரு கடற்கரை ஊர் இருப்பதாகவும், திங்கட்கிழமையும் விடுமுறையான அந்த லாங் வீக்எண்டுக்கு நான் வந்தால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார். இரண்டு நாள் லீவு போட்டால் ஐந்து நாள். மறு பேச்சில்லாமல் கிளம்பிவிட்டேன்.

ஈரோட்டில் இருக்கும் அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. அவளுக்கு அடுத்த வியாழக்கிழமை கர்ப்பப்பை ஆபரேஷன். "ஒரு பத்து நாள் வந்து கூட இருடி" என்று கேட்டிருந்தாள். புது வேலை, ஒரு நாள்கூட லீவு தரமாட்டார்கள் என்று சொல்லியிருந்தேன். பத்து நாள் கிடைக்காது என்பது நிஜம்தான். ஆனால் ஒரு நாள்கூட என்று சொன்ன வாயால், ஸ்பெயினுக்குப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? திங்கட்கிழமை திரும்பிவிடப் போகிறேன், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஊர் அழகுதான். வெள்ளை வெள்ளையாக வீடுகள், கடலை ஒட்டி ஒரு சர்ச். மத்தியானம் கடைகளை மூடிவிட்டு ஊரே தூங்கப் போய்விடும். சைவமான நான் மூன்று நாளும் தக்காளி தேய்த்த ரொட்டியைத் தின்றே சமாளித்தேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்தேன். அமெரிக்கா வந்து அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததே இல்லை.

திங்கட்கிழமை இரவு எட்டு மணிக்குத் தனியாக வீடு திரும்பினேன். போன் பக்கத்தில் இருந்த காலர் ஐடி பெட்டியில் பதினோரு அழைப்புகள். எல்லாமே 'அவுட் ஆஃப் ஏரியா'. இந்தியாவிலிருந்து வந்தால் அப்படித்தான் காட்டும். ஆன்சரிங் மெஷினில் ஒரு வார்த்தை இல்லை. அது எங்களுக்குள் இருந்த ஏற்பாடு. அக்கா மூன்று ரிங் விட்டு வைத்துவிடுவாள், அவளுக்குச் செலவு வைக்காமல் நான் காலிங் கார்டு போட்டுத் திருப்பிக் கூப்பிடுவேன். மெஷின் எடுப்பது நாலாவது ரிங்கில்தான்.

அங்கே விடிந்துகொண்டிருக்கும் நேரம். அக்காவின் கணவர்தான் எடுத்தார். மாமா என்று கூப்பிடுவேன். வெள்ளிக்கிழமை வலி தாங்க முடியாமல் போய், ஆபரேஷனைச் சனிக்கிழமை காலைக்கே மாற்றிவிட்டார்களாம். ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையே எல்லாம் முடிந்துவிட்டது என்றார். அப்படியே கார்ப்பெட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அழைப்புகளில் ஒன்பது அக்கா போட்டது. உள்ளே போவதற்குமுன் என்னிடம் ஒரு தரம் பேசிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாளாம். கடைசி இரண்டு மாமா போட்டது. மெஷினில் அந்தச் செய்தியைச் சொல்ல மனசு வராமல் வைத்துவிட்டார். பெட்டியில் இருந்த நேரத்தை ஸ்பெயின் நேரத்துக்கு மாற்றிப் பார்த்தேன். அவள் முதல் தடவை கூப்பிட்டபோது நான் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தேன்.

நான் அழுவதைக் கேட்டு மாமா சமாதானப்படுத்தினார். "நீ என்ன கண்ணு பண்ணுவ, லீவு குடுக்காத ஊரு. உங்கக்காவே சொன்னா, பாவம் புள்ள ஆபீஸ்ல மாட்டிக்கிட்டிருக்கும், யாரும் அவளைத் திட்டக்கூடாதுன்னு."

நான் ஸ்பெயினில் இருந்தேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு ஈரோட்டுக்கு எத்தனையோ முறை போய்விட்டேன். ஒவ்வொரு முறையும் மாமா யாரிடமாவது, "இவளுக்கு லீவே குடுக்கலை, பாவம்" என்று எனக்காகப் பரிந்து பேசுவார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். துக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். யாராவது ஒருவர் என்னை நன்றாகத் திட்டியிருந்தால், அக்காவுக்காக நானும் மற்றவர்களைப் போல அழுது தீர்த்திருப்பேன் என்று இன்றும் தோன்றுகிறது.