சோதனைக்கு முன் ஓடாதீர்கள்

ஓடி முடித்ததும் உங்களுக்கு இருமல் வருகிறதா? தம் பத்தவில்லை, இன்னும் பயிற்சி எடு என்றுதான் எல்லாரும் சொல்கிறார்களா? அப்படியென்றால் இது உங்களுக்குத்தான்.

நான் மலேசியாவில் ஜொகூர் மாநில அணிக்காக எண்ணூறு மீட்டர் ஓடுகிறேன். பயிற்சி தெப்ராவ் பக்கம். கடைசி நூறு மீட்டரில் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போலிருக்கும். முடித்ததும் இருமல் பிடித்துக்கொள்ளும். கூட ஓடும் தினேஷ், "லோரி ஸ்டார்ட் ஆயிருச்சு லா," என்பான். நானும் சிரிப்பேன். அணியில் பாதிப் பேர் இருமுகிறவர்கள்தான். இருமினால்தான் உழைத்தோம் என்று எங்களுக்கு ஒரு திமிர்.

தேசிய முகாமுக்கான தேர்வுக்கு முன் எல்லாருக்கும் நுரையீரல் பரிசோதனை என்றார்கள். அதில் ஏதாவது வந்தால் அணியிலிருந்து வெட்டிவிடுவார்களே. சோதனைக்கான வழிமுறை வாட்ஸ்அப்பில் வந்ததைப் பாதிவரை படித்து நிறுத்திவிட்டு, மருத்துவமனை கார் பார்க்கில் வெறியாக வார்ம்-அப் செய்தேன். எந்தச் சோதனை என்றாலும் உடம்பைச் சூடாக்கிவிட்டுப் போவதுதானே எங்கள் வழக்கம்.

உள்ளே காய்ந்த காற்றை (ஈரமே இல்லாத வாயுக் கலவை) வேகவேகமாக இழுத்துவிடச் சொன்னார்கள். பிறகு ஸ்பைரோமீட்டரில் (ஊதும் காற்றை அளக்கும் கருவி) முழு மூச்சையும் ஊத வேண்டும். அளவு குறையவில்லை. கோச் செல்வம் என் முதுகில் தட்டினார்.

சோதனையை நடத்திய டாக்டர் ரேச்சல் மட்டும் என் கழுத்து வியர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடிட்டு வந்தியாம்மா?"

"லைட்டா வார்ம்-அப், டாக்டர்."

"லைட்டாவா? ஜன்னல்ல பார்த்தேன் லா. போலீஸ் தொரத்துன மாதிரி ஓடுன."

கடுமையாக ஓடிய பிறகு கொஞ்ச நேரத்துக்குச் சிலருடைய மூச்சுக்குழாய் மறுபடி சுருங்காது, அதனால் நோய் இருந்தாலும் சோதனையில் தெரியாமல் ஒளிந்துகொள்ளும் என்று விளக்கினார். நாளைக் காலை ஓடாமல் வரச் சொன்னார்.

"அதான் பாஸாயிட்டாளே டாக்டர், விட்டுறலாமே," என்றார் கோச்.

"விடலாம் கோச். ட்ராக்ல மூச்சு அடைச்சா என்ன பண்ணுவீங்க?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "இந்த நோய் இருக்குன்னு வந்தா டீம்லருந்து வெட்ட மாட்டாங்கம்மா. மருந்து குடுப்பாங்க. பெரிய பெரிய ஓட்டக்காரங்களுக்கே இருக்கு."

நல்ல ரிசல்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டிருந்தால் அவருக்கு ஒரு வேலை குறைந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே மறுநாள் போனேன், ஒரு அடிகூட ஓடாமல்.

இந்த முறை ஊத ஊத அளவு சரிந்தது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர். நீல இன்ஹேலர் (சுருங்கிய குழாயை உடனே விரிக்கும் மருந்து) வேலை செய்யும்வரை டாக்டர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். உடற்பயிற்சியால் வரும் மூச்சுக்குழாய்ச் சுருக்கம் (வேகமாக மூச்சு வாங்கும்போது குழாய்கள் காய்ந்து இறுகிவிடுவது) என்றார். எந்த மருந்தை எந்த அளவில் எடுத்தால் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கல் வராது என்பதையும் அவரே விசாரித்து கோச்சிடம் சொன்னார். கோச் அணியில் இருமுகிற எல்லாரையும் திரும்பச் சோதனைக்கு அனுப்பினார். தினேஷும் போனான்.

இப்போது காலையும் மாலையும் தடுப்பு இன்ஹேலர். ஓடுவதற்கு முன் நீலம். நெஞ்சு இறுகினால் அதை உழைப்பு என்று நினைப்பதில்லை, நின்றுவிடுகிறேன். முன்பெல்லாம் கடைசி நூறு மீட்டர் எப்போது முடியும் என்றிருக்கும். இப்போது அங்கே யாரைத் தாண்டலாம் என்று யோசிக்க எனக்கு நேரம் இருக்கிறது.

தேர்வு ஓட்டம் சனிக்கிழமை. நான் இன்னும் அணியில் இருக்கிறேன்.