ஆயில் கூலரில் சாமந்திப் பூ

போன வருடம், ஆயுத பூஜை முடிந்த வாரம். அம்பத்தூர் மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு ஷெட்டிலும், அங்கிருந்து சற்றுத் தொலைவில் வெளிவட்டச் சாலையிலும் நடந்தது. வரிசையாகவே சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் சோதனை அறிக்கை எழுதி எழுதி எனக்கு அப்படித்தான் வருகிறது.

1. அண்ணனின் காரில் ஆயில் சூடு அளவுக்கு மீறி ஏறியது.
2. அதற்குத் தன் நெருங்கிய நண்பர்தான் காரணம் என்று அண்ணன் சொன்னார்.
3. நண்பர் பாதி வழியில் இறங்கிப் போய்விட்டார்.
4. மறுநாள் மாலை உண்மையான காரணம் என் கைக்கு வந்தது. அது ஆரஞ்சு நிறத்தில், வெந்து போய் இருந்தது.

முதலில் அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய ஜப்பான் வண்டி, இரண்டு கதவு. யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்து ஓட்ட முடியாமல் போட்டு வைத்திருந்ததை அண்ணனும் நண்பரும் தேடிப் பிடித்தார்கள். அதன் எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. முக்கோணம் போன்ற ரோட்டர்கள் சுழலும். அந்த ரோட்டர்களின் உட்புறத்தைக் குளிர வைப்பதும் ஆயில்தான். அதாவது மற்ற எஞ்சின்களில் வழுக்கலுக்கு இருக்கும் ஆயில், இங்கே எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீரின் வேலையில் பாதியையும் பார்க்கிறது. போதாக்குறைக்கு இவர்கள் பெரிய டர்போ வேறு மாட்டியிருந்தார்கள். அதன் சூடும் அதே ஆயில் தலையில்தான். ஆயில் கொதித்து நீர்த்துப் போனால் பேரிங் போகும், ரோட்டர் முனையில் இருக்கும் சீல் போகும். அந்த சீல் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது.

அதனால் பம்பரில் காற்று நுழையும் இரண்டு வாய்களில் இடது பக்க வாய்க்குள், காற்றுபட்டு ஆயிலை ஆற வைக்கும் பெரிய ஆயில் கூலர் ஒன்றை வைத்தோம். எஞ்சினிலிருந்து கூலருக்கு ஆயில் போய் வரும் ரப்பர் ஹோஸ் இரண்டையும் நண்பர் தன் கையால் கட்டினார். பூந்தமல்லியில் லாரிக்கும் ஜேசிபிக்கும் ஹோஸ் கட்டிக் கொடுக்கும் கடை அவருடையது. பாலிடெக்னிக்கில் அண்ணனோடு படித்தவர். பூஜைக்குப் பொரி கடலை சாப்பிட எங்கள் வீட்டுக்கு வருவார், பெருநாளைக்கு அவர் வீட்டிலிருந்து எங்களுக்கு பிரியாணி வரும். அந்த எஞ்சினில் அவர் கை படாத போல்ட் ஒன்றுகூட இல்லை. சென்சார் பொருத்துவது மட்டும் என் வேலை.

அண்ணி அந்தக் காரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "உங்கண்ணனோட மொத சம்சாரம் ஷெட்ல நிக்குது பாரு" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அது தின்றுவிட்டதில் அவருக்கு நியாயமான கோபம். ஷெட் பக்கமே வர மாட்டார். ஆனால் போன வருட ஆயுத பூஜையன்று காலையில் அவரே உட்கார்ந்து சாமந்தி மாலை கட்டினார். நான் ஆச்சரியமாகப் பார்த்தேன்.

"இன்னா பாக்கற? சக்களத்தியா இருந்தா இன்னா, நல்ல நாள்ல மூளியாவா நிக்கும்?"

சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, பம்பருக்கு மாலை கட்டினார். மாலையில் மிஞ்சிய சரத்தை இரண்டு பக்க வாயிலும் கொத்துக் கொத்தாகச் செருகினார். சாயங்காலம் வந்த நண்பர், "மாமே, பொண்ணு ரெடிடா, மாப்ள எங்க?" என்று கேலி செய்துகொண்டே எங்கள் எல்லோரையும் காரின் முன் நிற்க வைத்துப் படம் எடுத்தார். அன்றிரவு நல்ல மழை. ஷெட்டின் முன்பக்கம் சாரல் அடிக்கும். இரண்டு நாள் கழித்து வாடிய மாலையை அண்ணன் பிடித்து இழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளிவட்டச் சாலைக்குக் கிளம்பினோம். அண்ணன் ஓட்ட, நண்பர் பக்கத்தில், நான் பின்னால் லேப்டாப்போடு மடங்கி உட்கார்ந்திருந்தேன். ஆயில் சூடு நூற்றிருபது டிகிரியைத் தாண்டினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். நெமிலிச்சேரி தாண்டுவதற்குள்ளேயே மீட்டர் அதைத் தொட்டது. அண்ணன் காலை எடுத்தார். இறங்கவில்லை. நூற்றிருபத்தெட்டு.

"தண்ணி சூடு?" என்றார் அண்ணன்.

"தண்ணி நார்மல்ணா. ஆயில் மட்டுந்தான்."

பாரிவாக்கம் பக்கம் சர்வீஸ் ரோட்டில் இறக்கி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு நிறுத்தினோம். பானட்டைத் திறந்ததும் முகத்தில் அனல். ஆயில் மட்டும் சூடு, தண்ணீர் சரி என்றால் தப்பு ஆயில் போகும் வழியில்தான் இருக்க வேண்டும் என்று அண்ணனுக்குப் பட்டது. அந்த வழியில் கடையில் வாங்காமல் கையால் கட்டியது ஹோஸ் மட்டும்தான்.

"உள்ள மடங்கிகினு கீதுடா. ஆயிலே போவல."

"மடங்கல மச்சான். ஊதிப் பாத்துட்டுத்தான் போட்டேன்."

"இன்னாத்த ஊதின? ஜேசிபிக்குக் கட்ற மாரியே என் வண்டிக்கும் கட்டிட்ட."

நண்பர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"ஜேசிபிக்கு நான் கட்ன ஓஸ் ஒண்ணுகூட திரும்பி வந்ததில்ல மச்சான்" என்றார். "உன் வண்டிய இனிமே நீயே பாத்துக்கோ."

பூந்தமல்லி அங்கிருந்து பக்கம்தான். ஒரு ஷேர் ஆட்டோவைக் கை காட்டி ஏறிப் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் வண்டியை ஆறவிட்டு உருட்டுகிற வேகத்தில் வீடு வந்து சேர்ந்தோம். அண்ணன் ஷெட்டைப் பூட்டினார். மத்தியானம் சாப்பிடவில்லை. நாலைந்து வருடமாக அந்த இரண்டு பேரும் பேசிக்கொள்ளாத ஞாயிற்றுக்கிழமை எனக்கு நினைவில் இல்லை.

ஓட்டும்போது கண்முன் தெரிவது ஒரு மீட்டர்தான். மற்ற சென்சார்கள் சொல்வது லேப்டாப்பில் பதிவாகும். திங்கட்கிழமை அலுவலகம் முடிந்து வந்ததும் அதைத் திறந்தேன். ஆயில் அழுத்தம் சரியாக இருந்தது. ஹோஸ் மடங்கியிருந்தால் அது விழுந்திருக்கும். கூலருக்குள் போகும் ஆயிலின் சூட்டையும் வெளியே வரும் ஆயிலின் சூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஆயில் போகிறது, வருகிறது, சூட்டை மட்டும் எங்கேயும் விடவில்லை. அப்படியென்றால் காற்று படவில்லை.

ஷெட்டைத் திறந்து, தரையில் படுத்து, பம்பரின் இடது வாய்க்குள் போன் வெளிச்சத்தை அடித்தேன்.

கூலரின் மெல்லிய தகடுகளே தெரியவில்லை. மழையில் ஊறி, கரைந்த சந்தனத்தில் ஒட்டி, ஓட்டத்தில் உள்ளே அமுங்கி, மேலிருந்து கீழ்வரை சாமந்தி இதழ்கள் அடை போல் அப்பியிருந்தன. அண்ணன் மாலையோடு சேர்த்துச் சரத்தையும் இழுத்தபோது நார் அறுந்து பாதி உள்ளேயே தங்கியிருக்கிறது. வலது வாய் வெற்று ஓட்டை என்பதால் அங்கே செருகிய பூவெல்லாம் விழுந்து போயிருந்தது. கையை விட்டுப் பிய்த்து எடுத்தேன். வதக்கிய பூ வாசனை அடித்தது.

உள்ளங்கையில் அதை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சத்தம் போடாமல் துடைத்துவிட்டு, சரியாகிவிட்டது என்று சொல்லலாம். ஆனால் நண்பர் கட்டிய ஹோஸ் மேல் விழுந்த பழி அப்படியே இருக்கும். உள்ளதைச் சொன்னாலோ, முதன்முறையாக அந்தக் காருக்குப் பூ வைத்தவர் மனம் நோகும். அண்ணன் இருக்கும் கோபத்துக்கு என்ன சொல்வாரோ அதுவும் தெரியாது.

யோசித்து முடிப்பதற்குள் அண்ணியே டீ டம்ளரோடு வந்து நின்றார். என் கையைப் பார்த்தார்.

"நான் வச்ச பூதான அது?"

"ஆமாம் அண்ணி."

"இதனாலதான் சூடாச்சா?"

"ஆமாம்."

டம்ளரைக் கீழே வைத்தார். முகம் சுருங்கிவிட்டது. அழப்போகிறார் என்று நினைத்தேன். "போன் போடு பூந்தமல்லிக்கு" என்றார். ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

"அண்ணா, உங்க ஓஸ்ல ஒண்ணும் இல்லணா. நான் சொருகின பூவு உள்ள போய் அடைச்சிகிச்சு. என்னாலதான் உங்களுக்குப் பேச்சு."

அந்தப் பக்கம் மெஷினை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சிரிப்பு.

"சாமிக்கு வச்ச பூவுக்கு நீ இன்னாமா பண்ணுவ? நானும்தான் எதுர நின்னு போட்டோ புட்ச்சேன். இத்தினி மெக்கானிக் நின்னுகினு இருந்தோம், ஒருத்தன் கண்ணுக்கும் தெரில பாரு. அந்தப் பூவத் தூக்கிப் போட்றாத. அவன் மூஞ்சிக்கு நேரா காட்டு."

அண்ணன் வேலை முடிந்து வந்ததும் அண்ணி ஒரு தட்டில் அந்த வெந்த பூவை வைத்து நீட்டினார். "இந்தாங்க, உங்க மொத சம்சாரத்தோட பிரசாதம். கூலர்லேர்ந்து எடுத்தது. ஓஸ்ல ஒரு கோளாறும் இல்லியாம்."

அண்ணன் தட்டை வாங்கிப் பார்த்தார். அண்ணியைத் திட்டவில்லை. சட்டைகூட மாற்றாமல் பைக்கை எடுத்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

கடையில் நண்பர் மெஷினில் ஹோஸ் முனையை அழுத்திக்கொண்டிருந்தார். அண்ணன் பக்கத்தில் போய் நின்றார்.

"தப்புதான்டா மச்சான்."

"இன்னாது? மிஷின் சத்தத்துல கேக்கல."

"தப்புதான்டா!"

"இன்னொரு தபா."

பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு அண்ணன் கத்தினார். நண்பர் மெஷினை நிறுத்தினார். ஆனால் சிரிக்கவில்லை. ஒரு ஜேசிபி ஹோஸை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். "இத நீ கட்டு. லீக் இல்லாம நின்னா வரேன்."

அண்ணன் வியர்க்க வியர்க்கக் கட்டினார். அழுத்தம் கொடுத்துப் பார்த்ததும் முனையிலிருந்து ஆயில் அவர் சட்டை மேலேயே பீய்ச்சியது. அதைப் பார்த்த பிறகுதான் நண்பர் சிரித்தார். "சரி வா, போவலாம்" என்று ஷட்டரை இறக்கினார்.

அந்த வாரமே கூலரைக் கழுவி, வளைந்த தகடுகளை நிமிர்த்தி, முன்னால் ஒரு வலை போட்டோம். வாய்க்குள் வரும் காற்று பக்கவாட்டில் தப்பிப் போகாமல் தகரம் வைத்து அடைத்தோம். இந்த வருட ஆயுத பூஜைக்கு அண்ணி மாலையோடு வந்து, முதலில் என்னிடம் கேட்டார்: "காத்து எதுல போவுது, சொல்லு." பிறகு அதைப் பின்பக்கம் கட்டினார்.

ஆயில் சூடு ஏறினால் பார்க்க வேண்டியவை என்று நான் ஒரு வரிசை வைத்திருக்கிறேன். பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ், கூலர். இப்போது அவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று சேர்ந்திருக்கிறது: ஓர் ஆளைக் காரணம் சொல்வதற்கு முன் ஒருமுறை குனிந்து பார்ப்பது. வீட்டிலும் அலுவலகத்திலும் அது என்னைப் பல தடவை காப்பாற்றியிருக்கிறது.

வண்டி ஓடுகிறது. அதே சாலையில் ஆயில் நூற்றைந்துக்கு மேல் போவதில்லை. ஹோஸ் மாற்றவில்லை. நண்பர் அன்று கட்டியதேதான் இன்றும் இருக்கிறது.