அதே நாப்பது

காதர் அண்ணன் போயிட்டாரு.

காலைல அவரு மக பண்ருட்டிலேர்ந்து போன் பண்ணிச்சி. "அத்தை, அத்தா மவுத்தாயிட்டாங்க"ன்னுச்சி. மதியமே அடக்கம். என் முட்டி இருக்கிற லட்சணத்துல பஸ் ஏற முடியல... அதான் இங்க எழுதிகினு இருக்கேன்.

நெய்வேலி பழைய ஆளுங்களுக்கு அவரத் தெரிஞ்சிருக்கும். அறுபதுகள்ல மைன்ஸ் ஒர்க்‌ஷாப்ல மெக்கானிக். நான் அங்க எண்ணெய் ரூம்ல. பேரல்லேர்ந்து கைபம்ப்ல அடிச்சி, கேன்ல புடிச்சிக் குடுக்கிற வேலை. ரெண்டு பேருமே அப்ப காண்ட்ராக்ட்.

அஞ்சாவது படிச்சதால பேரல் மேல இருக்கிற நம்பரப் படிச்சிடுவேன். முப்பது, நாப்பது, அம்பதுன்னு எண்ணெயோட கெட்டிக்கு ஒரு நம்பர். அதுக்குக் கீழ இங்கிலீஷ்ல என்ன எழுதியிருக்குன்னு தெரியாது. நம்பர் தெரிஞ்சா போதும்னுதான் எடுத்தாங்க.

ஊருக்குத் திரும்பிப் போன ஜெர்மன்காரர் ஒருத்தர் விட்டுட்டுப் போன காரு ஒண்ணு இருந்துச்சி. ரெண்டே சீட்டு. செவப்பு. ரேஸ் காரு மாதிரி தரையோட தரையா உக்காந்திருக்கும். நாங்க தவளைன்னு சொல்லுவோம்.

அப்பவே அது பழசு. எங்க என்ஜினியர் அய்யா அத வாங்கி உசுரா வச்சிருந்தாரு. காதர் அண்ணனத் தவிர வேற யாரும் பானெட்டத் தொறக்கக் கூடாது. அதுக்குன்னே ஒரு சின்ன பேரல்ல தனியா எண்ணெய் வாங்கி எங்க ரூம்ல வச்சிருந்தாரு.

"ஏண்ணே, பழைய வண்டிதான? எதுனா ஒரு எண்ணெய ஊத்துனா ஓடாதா?"ன்னு ஒரு நாள் கேட்டேன்.

"பல்லு போன கெழவனுக்குத்தான் கஞ்சி, தங்கச்சி. இது உள்ள தேஞ்ச இன்ஜின். தண்ணியா ஊத்துனா நிக்காது. கூழு மாதிரி ஊத்தணும். இப்ப நாப்பது, வெயில் வந்தா அம்பது."

"அப்ப எங்க மாமியா மாதிரின்னு சொல்லுங்க. கூழு இல்லன்னா எழுந்திரிக்காது."

"உங்க மாமியாவுக்கு ஹாரன் சத்தம் இதவிட ஜாஸ்தி"ன்னாரு. சிரிக்கவே மாட்டாரு, நம்மளச் சிரிக்க வச்சிட்டுப் போயிடுவாரு.

எண்ணெய அப்பிடியே வாங்கி ஊத்த மாட்டாரு. ஒரு சொட்டு கட்டை விரல்லயும் ஆள்காட்டி விரல்லயும் தொட்டுத் தேச்சிப் பார்ப்பாரு. மோந்து பார்ப்பாரு. அப்புறந்தான்.

அந்த வருசம் பெர்மனென்ட் லிஸ்ட் போட்டுகினு இருந்தாங்க. அவரு பேரும் இருந்துச்சி, என் பேரும் இருந்துச்சி. பெர்மனென்ட் ஆனா குவார்ட்டர்ஸ். எனக்கு ரெண்டும் கைக்கொழந்தைங்க, மழை பேஞ்சா ஒழுகுற வூடு... அந்த லிஸ்ட்டத் தவிர வேற நெனப்பே இல்ல எனக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை. தவளையோட பழைய எண்ணெய வடிய வுட்டுட்டு, "தங்கச்சி, நாப்பது ஒரு கேன் புடிச்சி வை, தொழுதுட்டு வந்துர்றேன்"னு போனாரு.

அன்னிக்குத்தான் பெரிய மெஷினுங்களுக்குப் புது எண்ணெய் வந்து எறங்கியிருந்துச்சி. சின்ன பேரல்ல இருந்த அதே நாப்பதுதான் இது மேலயும். தேன் மாதிரி இருந்துச்சி. பெரிய மெஷினுக்கே போடறாங்கன்னா அதவிட ஒசத்தி எது இருக்கும்னு நெனச்சேன். மைன்ஸ்ல அப்ப எல்லாரும் அப்பிடித்தான் நெனப்போம்.

அண்ணன் வண்டிக்கு நல்லதா குடுப்போம்னு அதுலேர்ந்து ஒரு கேன் அடிச்சி வச்சேன். ஆசையாத்தான் செஞ்சேன்.

வந்தாரு. விரல்ல தேச்சாரு. மோந்தாரு. "என்னமோ வாசம் வேற மாதிரி இருக்குதே..."

"அதே நாப்பதுதாண்ணே"ன்னேன்.

என் மூஞ்சப் பார்த்தாரு. ஊத்திட்டாரு.

ரெண்டு வாரம் போயிருக்காது. குறிஞ்சிப்பாடி ரோட்ல தவளை நின்னுபோச்சி. இழுத்துகினு வந்து கீழ கழட்டுனா தாரு மாதிரி கருப்புக் கசடு, எண்ணெய் ஏறுற வழியெல்லாம் அடச்சிகினு. மேல எண்ணெயே போகாம பேரிங் போயிடுச்சி.

அண்ணன் நேரா எங்க ரூமுக்கு வந்தாரு. புது பேரலப் பார்த்தாரு. சின்ன பேரலத் தட்டிப் பார்த்தாரு, முக்கா பேரல் அப்பிடியே இருந்துச்சி.

"இது கழுவுற எண்ணெய், தங்கச்சி"ன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. "புது இன்ஜினுக்கு நல்லது. இவ்ளோ வருசமா உள்ள ஒட்டிகினு இருந்த அழுக்க ஒரே அடியா பேத்து எடுத்துடுச்சி."

அதுக்குள்ள அய்யா வந்துட்டாரு. "யாருய்யா குடுத்தது இந்த எண்ணெய?"

நான் கையில துணிய வச்சிகினு நின்னேன்.

"நாந்தாங்க கேட்டு வாங்கினேன். இந்தத் தங்கச்சிக்கு நம்பர்தாங்க தெரியும், நான் சொல்றதத்தான் புடிச்சிக் குடுக்கும்"னாரு அண்ணன்.

நான் வாயத் தொறக்கல.

லிஸ்ட் வந்துச்சி. என் பேரு இருந்துச்சி. அவரு பேரு இல்ல. ஒரு வருசம் பார்த்துட்டு, பண்ருட்டிக்குப் போயி சொந்தமா ஷெட் போட்டாரு.

எனக்கு குவார்ட்டர்ஸ் கெடச்சிது. புள்ளைங்க படிச்சிது. நான் பெர்மனென்ட் ஆனதே நம்பர் படிச்சித்தான்னு பேத்திகிட்டல்லாம் பெருமையா சொல்லிகினு இருக்கேன், இன்னி வரைக்கும்.

ரிட்டையர் ஆனப்ப ஸ்வீட் எடுத்துகினு அவரு ஷெட்டுக்குப் போனேன். சொல்லிடணும்னுதான் போனேன். "அண்ணே, அந்த எண்ணெய்..."ன்னு ஆரம்பிச்சேன்.

"எந்த எண்ணெய்?"னாரு. சம்சாரத்தக் கூப்பிட்டு, "தங்கச்சிக்குப் பலாச்சொள எடுத்தா"ன்னாரு. சாப்ட்டுட்டு வந்துட்டேன்.

காலைல போன்ல அவரு மக ஒண்ணு கேட்டுச்சி. "கடைசி நாலு நாளா பேச்சில்ல அத்தை. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தேச்சிகினே இருந்தாங்க. எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும்னு சொன்னேன். மத்ததையும் சொன்னேன், லிஸ்ட் வரைக்கும். "வக்கிறேன் அத்தை"ன்னுச்சி.

அண்ணே... அது அதே நாப்பது இல்லண்ணே.

போயிட்டு வாங்க.