சலிக்கும் அறைக்கு மட்டும் ஒரு சட்டம்

கொஸ்லந்தைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஆபீசில் நான் கிளாக்கராக இருக்கிறேன். கொரோனாவின் இரண்டாவது வருடம், தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்த சிலருக்கு வரிசையாகக் காய்ச்சல் கண்டது. சுகாதாரப் பரிசோதகர் வந்து கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார். இரண்டு வாரம் தொழிற்சாலை மூடல்.

மலையை யாரும் மூடவில்லை. ஊரெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்களிலும் எங்கள் பெண்கள் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு வந்து, பேர் கொடுத்துவிட்டு, மேலே ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். பறித்த கொழுந்தை லொறி பெரகல பக்கம் இன்னொரு தோட்டத்துக்குக் கொண்டுபோனது. தொழிற்சாலையில் தேயிலை சலிக்கும் பெண்களையும் அந்த இரண்டு வாரம் மலைக்கே அனுப்பினார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லோரும் இடித்துக்கொண்டு நின்றார்கள். அங்கே கொரோனா வராது என்று நிர்வாகம் எப்படியோ கண்டுபிடித்து வைத்திருந்தது.

இரண்டு வாரம் முடியப் போகும்போது, மறுபடி திறப்பதைப் பற்றிப் பேச துரை ஒரு கூட்டம் வைத்தார். துரை என்றால் தோட்டத்து மேனேஜர். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலமாகியும் அந்தச் சொல் போகவில்லை. அந்த நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கும் அது பிடித்துத்தான் இருக்கிறது. கூட்டத்தில் அவர், தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர், சங்கத்தின் தோட்டத் தலைவர், சுகாதாரப் பரிசோதகர், பிறகு நான். பேச்சு சிங்களத்தில். குறிப்பு எழுதுவதும், தேவைப்பட்டால் தமிழில் சொல்வதும் என் வேலை.

தொழிலாளர் பக்கத்திலிருந்து ஒரு பெண் இருந்தால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று துரை சொன்னதால், சலிக்கும் அறையில் பல வருடம் வேலை செய்த ஓர் அக்காவைக் கூட்டிவந்திருந்தேன். நான் பிறந்து வளர்ந்த லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எங்களுக்கு மூன்று காம்பரா தள்ளி இருந்தவர். லயத்துப் பக்கம் கண்டால் என்னைத் தம்பி என்பார். ஆபீசில் ஐயா என்பார். அந்த வித்தியாசத்தை நான் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

துரை கொண்டுவந்த சட்டம் ஒரே வரிதான். தடுப்பூசி அட்டை இல்லாதவர் தொழிற்சாலைக்குள் வரக்கூடாது. மலையில் வேலை செய்யலாம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஊசியின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அது வருவதற்கு முன்னால் ஒரு சித்தப்பாவைப் பறிகொடுத்தவன் நான். எனக்கு வந்த அருவருப்பு அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் மேல். அவர்களில் நானும் ஒருவன்.

ஏனென்றால், ஊசி கொஸ்லந்தைப் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது நடந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆபீஸ்காரர்களுக்குத் துரை தன் ஜீப்பைக் கொடுத்தார். பங்களா சமையல்காரரும் டிரைவரும் நாங்களும் அதில் போய், ஊசி போட்டுக்கொண்டு, டவுனில் ரொட்டி வாங்கித் தின்றுவிட்டு வந்தோம். தொழிலாளர்கள் லொறி கேட்டார்கள். லொறி கொழுந்து ஏற்றுவதற்கு என்றார் துரை. பஸ் ஓடவில்லை. நடந்து இறங்கியவர்கள் போய்ச் சேர்ந்தபோது அன்றைக்கு வந்த மருந்து முடிந்துவிட்டது. வெறும் கையோடு ஏறி வந்து மத்தியானம் மலைக்குப் போனவர்களுக்கு அரைப்பேர் விழுந்தது. பாதி நாள் வேலை என்று பதிவு. பதிந்தது நான். மறுநாள் யாரும் நடந்து இறங்கவில்லை. அதற்குப் பெயர்தான் பிறகு அந்த மேசையில் "தொழிலாளர்களின் தயக்கம்" என்று ஆனது.

விவாதம் என்று நான் குறிப்பில் எழுதினேன். பரிசோதகர், அப்படிக் கட்டாயப்படுத்தச் சொல்லித் தனக்குச் சுற்றறிக்கை எதுவும் வரவில்லை என்று முனகினார். துரை அவரைப் பார்த்தார். அவர் உடனே, தோட்டம் தானாகச் செய்தால் நல்லதுதான் என்றுவிட்டுத் தேநீரை உறிஞ்சத் தொடங்கினார். தலைவர் எழுந்து நின்று தொண்டையைக் கனைத்து, சங்கம் என்றைக்கும் தொழிலாளர் பக்கமே நிற்கும் என்றார். நின்றவர் அப்படியே உட்கார்ந்து கட்லட்டை எடுத்துக்கொண்டார். கூட்டம் முடியும்வரை அவர் வாய்க்கு வேறு வேலை இருக்கவில்லை.

டீமேக்கர்தான் அதிகம் பேசினார். மாஸ்க்கை நாடிக்குக் கீழே இழுத்துவிட்டுப் பேசினார். "இந்தச் சனத்துக்குப் படிப்பு இல்லை சேர். ஊசி போட்டால் மலடாகிவிடுவோம் என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். என்ன சொன்னாலும் ஏறாது."

துரை சிரித்தார். சொல்லி விளங்கப்படுத்துவது வீண், கதவை அடைத்தால் தானாக ஓடிப்போய்ப் போட்டுக்கொள்வார்கள், ஆட்டுக்கு வேலி அடைப்பது போலத்தான் இதுவும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, அக்காவுக்குத் தமிழில் சொல்லும்படி கை காட்டினார்.

நான் சொன்னேன்: "அக்கா, தொரை உங்க பாதுகாப்புக்காகத்தான் இந்த ஏற்பாட்ட செய்றாரு. உங்களுக்குக் கொஞ்சம் பயம் இருக்கும், அது வெளங்குதுன்னு சொல்றாரு."

அக்கா என்னையே பார்த்தார். "அப்படியா சொன்னாரு? ஆட்டுக்கு வேலின்னுல்ல காதுல விழுந்துச்சு."

எனக்கு முகம் சூடானது. "சிங்களம் தெரியுமா உங்களுக்கு?"

"கொழும்புல ஒரு வீட்டுல ஏழு வருசம் வேல செஞ்சேன் ஐயா. அவுங்க தமிழ்லயா ஏசுவாங்க?"

அதற்குப் பிறகு அவருக்கு நான் தேவைப்படவில்லை. நாற்காலியில் நேராக உட்கார்ந்து, துரையிடம் நல்ல கொழும்புச் சிங்களத்தில் பேசினார். குரல் உயரவே இல்லை. "நாங்கள் ஊசிக்கு நடந்துபோய்த் திரும்பி வந்தவர்கள். மருந்தை இங்கே கொண்டுவரச் சொல்லுங்கள், நாளைக்கே போட்டுக்கொள்கிறோம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறோமே, அங்கே ஏன் அட்டை கேட்கவில்லை? மலையில் வேலை செய்கிறவர்கள் செத்தால் பரவாயில்லையா?"

பரிசோதகர் ஜன்னலைப் பார்த்தார்.

"சரி, சட்டம் எல்லாருக்கும்தானே? இங்கே இருக்கிறவர்களின் அட்டைகளைப் பார்க்கலாமா?" என்றார் அக்கா.

துரை சந்தோஷமாகத் தன் அட்டையைப் பர்சிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். பரிசோதகரிடம் இருந்தது. என்னிடம் இருந்தது. தலைவர் போனில் படம் பிடித்து வைத்திருந்தார். டீமேக்கர் சட்டைப் பையைத் தட்டினார். கால்சட்டைப் பையைத் தட்டினார். வீட்டில் இருக்கிறது என்றார்.

பரிசோதகர், அன்று முதன்முறையாக உபயோகமான காரியம் ஒன்றைச் செய்தார். தன் பட்டியலைப் புரட்டிவிட்டு, "உங்கள் பெயர் இதில் இல்லையே" என்றார். அவர் தெரியாமல் கேட்டிருக்க வேண்டும். தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

அப்போதுதான் வெளியே வந்தது. எங்களோடு ஜீப்பில் வந்த டீமேக்கர் பள்ளிக்கூடத்து வாசலில் போன் பேசுவதாக நின்றுவிட்டு, ஊசி போடாமலே திரும்பி வந்திருக்கிறார். ஊசி போட்ட இடத்தில் காசு ஒட்டிக்கொள்ளும் வீடியோ ஒன்றைப் பார்த்திருக்கிறாராம். அதைச் சொல்லும்போதுகூட அவர் முகத்தில் வெட்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. "எனக்கு அலர்ஜி இருக்கு" என்றார். எதற்கு அலர்ஜி என்று யாரும் கேட்கவில்லை.

துரை ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "டீமேக்கர் இல்லாமல் தொழிற்சாலை ஓடாது. அவர் அத்தியாவசியம். சட்டம் தொழிலாளருக்கு" என்றார். அத்தோடு கூட்டம் முடிந்தது.

நான் குறிப்பில், "இத்தீர்மானம் அனைவராலும் ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று எழுதினேன். எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை. எனக்கே தெரியும் என்ன எழுத வேண்டுமென்று. அதுதான் கிளாக்கர் உத்தியோகம். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அக்காவிடம் கொப்பியை நீட்டினேன். குறிப்பு தமிழில் இருந்தது, அவர் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புவரை படித்தவர். நின்று வாசித்தார்.

"நான் எங்கங்க ஏத்துக்கிட்டேன்?"

"சும்மா ஒரு கையெழுத்துதானேக்கா."

"சும்மான்னா நீங்களே போட்டுக்கங்க தம்பி."

ஆபீசுக்குள் அவர் என்னைத் தம்பி என்றது அதுதான் முதல் தடவை. அன்பில் வந்ததல்ல.

தொழிற்சாலை திறந்தது. வாசலில் வாச்சர் மேசை போட்டு உட்கார்ந்து அட்டை பார்த்தார். சலிக்கும் அறையின் பெண்களில் மூன்று பேரைத் தவிர யாரிடமும் அட்டை இல்லை. மற்றவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிக் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள். சண்டை வரும் என்று எதிர்பார்த்துத் துரை ஜீப்பை ஸ்டார்ட்டில் வைத்தே நின்றிருந்தார். சண்டை வராதது அவருக்கு வெற்றியாகத் தெரிந்தது.

சலிக்க ஆள் வேண்டுமே. அட்டை வைத்திருந்த ஆபீஸ்காரர்களைக் கீழே இறக்கினார்கள். ஸ்டோர்கீப்பரும், பங்களா டிரைவரும், நானும் போய் நின்றோம். சல்லடை ஆட்டும் யந்திரத்தில் தேயிலையைப் பரப்பிக் கொடுக்க வேண்டும், பெரிது சிறிதாகப் பிரிந்து விழுவதைக் கலக்காமல் அள்ள வேண்டும், நார் பொறுக்க வேண்டும். பார்க்கச் சின்ன வேலை. இருபது வருடமாக ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்படித்தான் தெரிந்தது. முதல் மணி நேரத்திலேயே மாஸ்க் கறுத்துப்போய், மூக்குக்குள் தூள் ஏறி, தும்மித் தும்மி என் கண் சிவந்துவிட்டது. டிரைவர் தூளையும் இலையையும் ஒரே பெட்டியில் கொட்டினார். டீமேக்கர் பின்னால் நின்று, மாஸ்க் இல்லாமல், எங்களைத் திட்டிக்கொண்டே இருந்தார். ஊசி போடாத ஒருவர், ஊசி போட்டவர்களின் முகத்தில் எச்சில் தெறிக்க, சுகாதாரப் பாதுகாப்புள்ள தொழிற்சாலையை நடத்தினார்.

மூன்றாம் நாள் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நான்காம் நாள் மாடியில் வாட்டிய கொழுந்து இறங்க இடமில்லாமல் கிடந்து நாறியது. அடுத்த வாரம் கொழும்பிலிருந்து போன் வந்தது. நாங்கள் அனுப்பிய மாதிரியை ருசி பார்ப்பவர், இது தேயிலையா தும்பா என்று கேட்டாராம். துரை போனைப் பிடித்தபடி நின்று, "யெஸ் சேர், யெஸ் சேர்" என்றார். எங்களிடம் இருபது அடி உயரத்தில் பேசும் மனிதர், அந்த ஐந்து நிமிடத்தில் எவ்வளவு சின்னதாகிவிட்டார் என்று பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன்.

போனை வைத்ததும் அவர் பரிசோதகருக்கு அடித்தார். மாதக்கணக்கில் முடியாது என்றிருந்த காரியம் இரண்டே நாளில் முடிந்தது. ஊசிக் குழு தோட்டத்துக்கே வந்தது. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் மேசை போட்டார்கள். தொட்டில்களை ஓரமாகத் தள்ளி வைத்தார்கள். காலை ஏழு மணிக்கெல்லாம் வரிசை லயம்வரை நின்றது. படிப்பில்லாத சனம், பயந்த சனம் என்று சொல்லப்பட்ட பெண்கள், சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு ஒருவர்பின் ஒருவராக வந்து கையை நீட்டினார்கள். ஒருத்திகூடத் திரும்பிப் போகவில்லை. மத்தியானத்தோடு முடிந்தது.

துரை நடுவில் வந்து பேச்சு ஒன்று கொடுத்தார். உங்களுக்காக நான் பாடுபட்டுக் கொண்டுவந்தேன் என்றார். தலைவர் பக்கத்தில் நின்று, சங்கம் பாடுபட்டது என்றார். போட்டோ எடுத்தார்கள். பேச்சைத் தமிழில் சொன்னது நான். இந்தத் தடவை ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன். வரிசையில் நின்ற பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

டீமேக்கருக்கு அன்று சுகமில்லையாம். வரவில்லை.

மறுநாள் அக்கா சலிக்கும் அறைக்கு வந்தார். நாங்கள் கலந்து வைத்த பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டு, மறுபடி எல்லாவற்றையும் கொட்டிச் சலிக்கத் தொடங்கினார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அன்னைக்கு நான் மாத்திச் சொன்னதுக்கு..."

"அதெல்லாம் விடுங்கய்யா" என்றார், கையை நிறுத்தாமல். "முடிஞ்சா அந்த டீமேக்கரய்யாவ மாஸ்க்க ஒழுங்கா போடச் சொல்லுங்க. நாங்க ஊசி போட்டது போதும், அவரு வாயையாவது மூடட்டும்."

நான் டீமேக்கரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நாலைந்து நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு நினைப்பதும் நின்றது. அவர் இன்றும் எங்கள் டீமேக்கர்தான். அட்டை கேட்கும் சட்டத்தை யாரும் ரத்துச் செய்யவில்லை. வாச்சரின் மேசை ஒருநாள் வேறு வேலைக்குத் தேவைப்பட்டது, எடுத்துப் போனார்கள், அத்தோடு சரி.

இரண்டாவது ஊசியைப் பற்றிப் பேச அடுத்த மாதம் இன்னொரு கூட்டம் வந்தது. தொழிலாளர் பக்கத்திலிருந்து யாரைக் கூப்பிட என்று துரையிடம் கேட்டேன். "அந்தப் பெண் வேண்டாம். சிங்களம் தெரியாத ஒருத்தியாகப் பார்" என்றார்.

பார்த்தேன். தோட்டத்தின் மேல் பிரிவான மேல் கணக்கிலிருந்து ஒரு தங்கச்சியைக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். கையைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்தபடி இருந்தாள். கூட்டம் கால் மணி நேரத்தில் முடிந்தது. கொப்பியை நீட்டியதும், எங்கே போட வேண்டும் என்று மட்டும் கேட்டாள். விரலை வைத்துக் காட்டினேன்.