இடக்கைக்கு ஒரு மவுஸ்

வலி கட்டைவிரலின் அடியில் தொடங்கியது. பேனா பிடித்தால் தெரியாது. துணி பிழிந்தால் கொஞ்சம் தெரியும். மவுஸைப் பிடித்துக் கணினித் திரையில் ஒரு படத்தை இழுத்தால் மட்டும் மணிக்கட்டைத் தாண்டிச் சுருக்கென்று ஏறும். நான் பார்ப்பதோ நாள் முழுக்கப் படங்களை இழுக்கிற வேலை.

ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்புக்குப் பக்கங்களை வடிவமைக்கிறேன். பக்கம் கட்டுவது என்று சொல்வோம். முன்பு அலுவலகத்தில் உட்கார்ந்து செய்த வேலை. கணவருக்குக் காரைக்காலில் உத்தியோகம் அமைந்து, நாங்கள் அங்கே கோவில்பத்துக்குக் குடிவந்த பிறகு வீட்டிலிருந்தே மடிக்கணினியில் செய்கிறேன். கட்டுரைகளும் படங்களும் வாரத் தொடக்கத்தில் வந்து சேரும். வியாழன் மாலைக்குள் பக்கங்கள் போய்விட வேண்டும். தலைப்பைச் சற்று மேலே தூக்குவது, புகைப்பட ஓரத்தில் நுழைந்துவிட்ட யாரோ ஒருவரின் முழங்கையை வெட்டுவது, பத்தியின் கடைசியில் தனியாகத் தொங்கும் சொல்லை இடம்பார்த்து ஏற்றுவது எல்லாமே மவுஸால்தான்.

டாக்டர் கட்டைவிரலை மடக்கிப் பார்த்தார். நான் முகத்தைச் சுளித்ததும் விட்டுவிட்டார். மணிக்கட்டுக்கு ஒரு பட்டை கொடுத்து, "ரெண்டு மாசம் கைக்கு ஓய்வு குடுங்க" என்றார்.

அதை இணைப்பின் பொறுப்பாசிரியரிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"ரெண்டு மாசமா? ஞாயித்துக்கெழம நிக்காதேம்மா. இந்த மாசம் எப்படியாவது சமாளிச்சுப் பாருங்க. முடியலைன்னா ஒளிக்காம சொல்லிடுங்க, நான் வேற ஆளு போடணும். போட்டுட்டா, நீங்க திரும்பி வந்ததும் அவங்களப் போகச் சொல்ல முடியாது பாருங்க."

நியாயமான பேச்சு. அவர் நாற்காலியில் நான் இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் இந்த ஊரில் எனக்கென்று இருந்தது அந்தப் பக்கங்கள் மட்டும்தான். கணவருக்கு அலுவலகமும் அங்கே நண்பர்களும் உண்டு. எனக்கு வியாழக்கிழமைகள் உண்டு. அவையும் போய்விட்டால் வாரத்தில் எந்தக் கிழமையும் இன்னொரு கிழமையிலிருந்து வேறுபடாது.

முதலில் மவுஸைத்தான் குறை சொன்னேன். அதில் நியாயமும் இருந்தது. அது ரப்பர் பூச்சு போட்ட மவுஸ். எங்கள் ஊர்க் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். ரப்பர் பூச்சு இங்கே அதிக நாள் தாங்காது, வெல்லப்பாகு பட்ட கரண்டி மாதிரி பிசுபிசுக்கத் தொடங்கிவிடும். ஒட்டுகிற பொருளை இறுக்கிப் பிடித்தே நகர்த்த வேண்டியிருக்கும். என் கட்டைவிரல் அந்த இறுக்கத்தைத்தான் தாங்கிக்கொண்டிருந்தது.

மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு கணினிக் கடை. கடைக்காரர் என்னைவிடச் சின்னவர், எப்போது போனாலும் "வாங்கக்கா" என்று உற்சாகமாகக் கூப்பிடுகிறவர். ஒவ்வொரு மவுஸாகப் பெட்டியிலிருந்து எடுக்கச் சொன்னேன். கவுன்டரிலேயே மடிக்கணினியைத் திறந்து, ஒரு பழைய பக்கத்தில் படத்தை இழுத்துப் பார்த்தேன்.

"செருப்புதான் போட்டுப் பாத்து வாங்குவாங்க. மவுஸப் போட்டுப் பாக்குறது நீங்கதாங்க்கா" என்றார்.

"கடிச்சா ரெண்டும் ஒண்ணுதான் தம்பி."

அவர் சிரித்துக்கொண்டே இன்னும் சில பெட்டிகளைப் பிரித்தார். எதையும் மறுக்கவில்லை. பெரியதில் என் விரல் எட்டவில்லை. சிறியதில் உள்ளங்கை மேசையில் உரசியது. கைகுலுக்குவதுபோல் நிமிர்த்திப் பிடிக்கிற ஒன்றில் மணிக்கட்டு சுகமாக இருந்தது, ஆனால் கட்டைவிரல் அதே பாரத்தைத்தான் சுமந்தது. கடைசியில் ரப்பர் பூச்சு இல்லாத, கைக்குத் தக்கபடி வளைவான ஒன்றை வாங்கினேன். சில நாள் நன்றாக இருந்தது. பிறகு வலி திரும்பிவிட்டது.

அந்தச் சமயத்தில் தலத்தெருவில் கணவரின் உறவினர் வீட்டுக் கிரகப்பிரவேசம். பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் சாம்பார் விழுந்தது. சோற்றைப் பிசையக் கையை வைத்தேன், கட்டைவிரல் ஒத்துழைக்கவில்லை. பரிமாறியவரிடம் தயங்கித் தயங்கி ஒரு ஸ்பூன் கேட்டேன். அதையும் வலக்கையில் பிடிக்க முடியாமல், யோசிக்காமல் இடக்கைக்கு மாற்றினேன். பக்கத்து இலையில் இருந்த அம்மாள் என் கையைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், பிறகு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"கையில அடியாம்மா?"

"வலி."

"வேலை ஜாஸ்தியோ?"

"கம்ப்யூட்டர் வேலைங்க."

"அடப்பாவமே. சோறு திங்கிற கையவா அதுக்குக் குடுத்தே?" என்றார்.

திரும்பி வரும்போது இதைக் கணவரிடம் சொன்னேன். வண்டி ஓட்டிக்கொண்டே, காற்றில் கத்திச் சொன்னார்:

"அந்தம்மா சொல்றதுல என்ன தப்பு? சோத்தாங்கைய மவுஸுக்குக் குடுத்துட்டு, சோத்துக்கு நொட்டாங்கையத் தேடுறே. மவுஸ நொட்டாங்கைக்குத் தள்ளிவுடு. அது சும்மாதானே கெடக்கு?"

கேலிக்குத்தான் சொன்னார். எனக்கு அது கேலியாகத் தோன்றவில்லை. இலையில் வைப்பதற்கு, பணம் கொடுப்பதற்கு, விளக்கேற்றுவதற்கு, தாம்பூலம் வாங்குவதற்கு எந்தக் கை என்று எங்களுக்கு விதி உண்டு. மவுஸுக்கு எந்தக் கை என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளில் மேசையின் வலது பக்கத்தில் இருந்தது. வலக்கையால் பிடித்தேன். அவ்வளவுதான் காரணம்.

மறுநாள் மவுஸை மடிக்கணினியின் இடப்பக்கம் வைத்தேன். முதல் நாள் ஒரு தலைப்பைக்கூட நேராக வைக்க முடியவில்லை. திரையில் அம்புக்குறி கட்டு அவிழ்ந்த கன்றுக்குட்டி மாதிரி ஓடியது. வேகத்தைக் குறைத்தேன். அம்புக்குறியைப் பெரிதாக்கினேன். இரட்டைக் கிளிக்குக்கு நடுவே அதிக இடைவெளி கொடுத்தேன். இழுக்கும்போது பட்டனை அழுத்திக்கொண்டே இருக்கத் தேவையில்லாத ஓர் ஏற்பாடு அமைப்புகளில் இருந்தது. இத்தனை வருடம் அது என் கண்ணில் படவேயில்லை. அதையும் போட்டேன். இடக்கை ஆள்காட்டி விரலுக்கு வாகாக, இடது பட்டன் செய்கிற வேலையை வலது பட்டனுக்கு மாற்றினேன்.

உருவம்தான் பாக்கி. அது வலக்கைக்காகவே செய்த மவுஸ். வலது கட்டைவிரல் பதியும் பள்ளத்தில் என் இடது மோதிரவிரல் போய் விழுந்து, அங்கிருந்த இரண்டு சிறு பட்டன்களை அழுத்திக்கொண்டே இருந்தது. அவற்றைச் செயலிழக்கச் செய்தேன். பள்ளத்தில் பஞ்சை அடைத்து மேலே பிளாஸ்திரி ஒட்டினேன். பார்க்க விபத்தில் சிக்கிய மவுஸ் மாதிரி இருந்தது. ஆனால் அந்த வாரப் பக்கங்கள் போய்ச் சேர்ந்தன. அடுத்த வாரப் பக்கங்களும் போயின. வலக்கை மடியில் கிடந்தது.

மூன்றாவது வாரம், வியாழன் காலை. நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கணவர் அலுவலகம் கிளம்புமுன் மின்கட்டணம் கட்ட என் மடிக்கணினியில் உட்கார்ந்தார். நான் கீழே வந்தபோது அவரும் இல்லை, மவுஸும் இல்லை. வீடு முழுக்கத் தேடிவிட்டு அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"ஒன் மவுஸு போச்சு" என்றார். குரலில் ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு. "எத அமுக்குனாலும் வேற என்னமோ தொறக்குது. இன்னைக்கு ஒனக்குப் பக்கம் அனுப்புற நாளாச்சே, அல்லாடுவியேன்னு கடையிலயே குடுத்துட்டு வந்துட்டேன். மத்தியானத்துக்குள்ள பாத்துத் தர்றேன்னாரு."

"அது போகலைங்க. நான் மாத்தி வச்சிருக்கேன்."

"எத?"

"பட்டன."

"பட்டன எப்படி மாத்துவே? தச்சு வச்சியா?"

விளக்க நேரமில்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்தேன். முதல் பக்கம் பாதியில் நின்றது, கடைசிப் பக்கம் தொடங்கவேயில்லை. ஒரு வியாழன் தவறினால் பொறுப்பாசிரியர் என்ன செய்வார் என்பதை அவரே எனக்குச் சொல்லியிருந்தார்.

கடைக்காரர் என்னைப் பார்த்ததும் மவுஸை நீட்டினார். "சார் வந்து செத்துப்போச்சுன்னாருக்கா. நம்ம சிஸ்டத்துல போட்டா நல்லா ஓடுது. ஆனா ஒரே அழுக்கு. பிளாஸ்திரி, பஞ்சு எல்லாத்தையும் பிச்சு, சுத்தமாத் தொடச்சு வச்சிருக்கேன் பாருங்க."

புதிது மாதிரி மினுங்கியது. நான் அதைப் பார்த்த பார்வையில் அவர் முகம் மாறிவிட்டது. அந்தப் பஞ்சு எதற்கு என்று சொன்னேன். கையைக் காட்டினேன். இன்று மாலை வரைக்கும்தான் நேரம் என்றும் சொன்னேன்.

அவர் தன் நாற்காலியைக் கவுன்டருக்கு இழுத்துப் போட்டு, "இங்கயே உக்காந்து செய்யுங்க" என்றார். பிறகு உள்ளே போய் எல்லா அட்டைப்பெட்டிகளையும் மறுபடி உருட்டினார். வளைவோ பள்ளமோ இல்லாத, இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான ஒரு தட்டை மவுஸை எடுத்து வந்தார். "இத யாரும் கேக்க மாட்டாங்க்கா. ஷேப்பே இல்லம்பாங்க."

இடக்கையை அதன்மேல் வைத்தேன். விரல்கள் எங்கும் முட்டவில்லை. பஞ்சு வேண்டியிருக்கவில்லை. வேகமும் பட்டன் மாற்றமும் மடிக்கணினிக்குள்ளேயே இருந்ததால், செருகியதும் எனக்குப் பழகிய மாதிரியே ஓடியது. படத்தை இழுத்தேன். நான் நினைத்த இடத்தில் நின்றது.

மத்தியானம் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பென் டிரைவ் கேட்டு வந்தவர்கள், பிரிண்ட் எடுக்க வந்தவர்கள் எல்லோரையும் கடைக்காரர் ஓரமாக நிறுத்தி, "மெதுவாப் பேசுங்க, அக்கா பேப்பர் போடுறாங்க" என்றார். ஒரு பெரியவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "நாளைக்கு வர்ற பேப்பரா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வருவது என்றேன். "அப்ப இன்னும் நேரம் இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு நிஜமாகவே மெதுவாகப் பேசினார். உணவு இடைவேளையில் மவுஸை வாங்க வந்த கணவர், என்னைப் பார்த்துவிட்டு டீயோடு வந்து நின்றார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. திரையையும் என் இடக்கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான் சும்மா சொன்னேன், நீ செஞ்சே காட்டிட்டே" என்றார். டீ ஆறும்வரை பக்கத்திலேயே நின்றார்.

எனக்கு நன்றி சொல்லத் தெரியாது. பக்கம் கட்டுகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் வருவதில்லை, எங்கள் பெயர் எங்கும் அச்சாவதும் இல்லை. ஆனால் அன்று அந்தக் கவுன்டரில், கிண்டலாக ஒரு வழி சொன்னவரும், தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டுக் மத்தியானம் முழுக்க நின்றே வியாபாரம் பார்த்தவரும், ஒன்றும் புரியாமல் எனக்காகக் குரலைத் தாழ்த்திய பெரியவரும் சேர்ந்து அந்தப் பக்கங்களைக் கட்டினார்கள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

வெயில் சாய்வதற்குள் கடைசிப் பக்கத்தை அனுப்பினேன். சிறிது நேரத்தில் பொறுப்பாசிரியர் கூப்பிட்டார்.

"வந்துடுச்சும்மா. மூணாம் பக்கத்துல படம் நல்லா உக்காந்திருக்கு. கை தேவலையா?"

"வேற கையால செஞ்சேன் சார்."

அவர் அதைக் கேட்டாரோ இல்லையோ, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். "அடுத்த வாரம் ரெண்டு பக்கம் கூடுது. செய்வீங்களா, நான் யாரையாவது பாக்கட்டுமா?"

யாரையும் பார்க்க வேண்டாம் என்றேன். படங்களை நாளைக்கே அனுப்பிவிடச் சொன்னேன்.